பழகாத கார், பழகாத தடம்: முதலில் எதைப் பழகுவது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், இன்ஜின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகும் ஃப்ரண்ட் வீல் டிரைவ் சலூன் கார் வகுப்பில் இரண்டு சீசன்கள் ஓட்டியிருக்கிறார். இப்போது ஓர் அணி, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஒரு வார இறுதிப் பந்தயத்துக்கு எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் அவருக்கு இடம் தருகிறது. அந்தக் காரில் அவர் உட்கார்ந்ததுகூட இல்லை. அந்தத் தடத்தையும் நேரில் பார்த்ததில்லை. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு நாள் பயிற்சிக்குத்தான் போதும். அந்த நாளைக் கரி ஸ்பீட்வே இருக்கும் செட்டிப்பாளையத்தில் ஒரு வாடகை சலூன் காரில் தடத்தைப் பழகச் செலவிடலாமா, அல்லது இருங்காட்டுக்கோட்டையிலேயே ஃபார்முலா காரைப் பழகச் செலவிடலாமா என்பதே கேள்வி.

தயக்கமில்லாமல் இரண்டாவதைச் செய்யுங்கள். தடத்தைக் காருக்கு வெளியே நின்றும் பெருமளவு கற்றுக்கொள்ள முடியும். நடந்து பார்க்கலாம், காணொளி பார்க்கலாம், சிமுலேட்டரில் ஓட்டலாம், அதே வகுப்புக் கார்கள் ஓடும்போது வேலிக்கு வெளியே நின்று கவனிக்கலாம். காரை அப்படிக் கற்க வழியில்லை. அதிலும் உங்கள் நிலையில் ஆபத்து வரப்போவது புதிய தடத்திலிருந்து அல்ல. இரண்டு சீசன்களாகப் பழைய கார் உங்கள் கையிலும் காலிலும் பதித்து வைத்திருக்கும் பழக்கங்களிலிருந்துதான். அறிமுகமில்லாத வளைவுக்கு முன்னால் மனிதன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வான். பின்பக்கம் வழுக்கும் கணத்திலோ யோசிக்க நேரமிருக்காது, பழகிய கால்தான் முடிவெடுக்கும்.

அந்தப் பழக்கம் எப்படித் தவறாகப் போகும் என்பதைச் சொல்கிறேன். உங்கள் சலூன் காரில் வளைவின் நடுவே பின்பக்கம் வெளியே தள்ளினால், ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்துவீர்கள். முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கிவிடும். ஃபார்முலா காரில் இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, சக்தியும் பின்சக்கரங்களுக்கே போகிறது. அங்கே பின்பக்கம் வழுக்கும்போது அதே காலை அதே அளவு அழுத்தினால், ஏற்கெனவே பிடிப்பை இழந்துகொண்டிருக்கும் டயரிடம் இன்னும் கூடுதல் வேலை கேட்கிறீர்கள். கார் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். சரி, காலை முழுவதும் எடுத்துவிடலாமே என்றால் அதுவும் சிக்கல்தான். சட்டென்று காலை எடுக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்டயர் மேலும் இலேசாகிறது, சுழற்சி இன்னும் வேகமாக வருகிறது. செய்ய வேண்டியது, ஸ்டியரிங்கை வழுக்கும் பக்கம் திருப்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி அப்படியே நிறுத்துவது. எழுதுவதற்கு ஒரு வரி. உடம்புக்கு வருவதற்குப் பல முறை நடந்தாக வேண்டும். அந்தப் பல முறையும் உங்களுக்கு மனப்பாடமான வளைவில் நடப்பதே நல்லது.

பிரேக்கும் வேறு. சாலைக் காரிலும் அதை ஒட்டி உருவான சலூன் பந்தயக் காரிலும் பெரும்பாலும் பிரேக் பூஸ்டர் இருக்கும். கால் கொடுக்கும் அழுத்தத்தை அது பெருக்கித் தரும். இந்த வகை ஃபார்முலா கார்களில் பூஸ்டர் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. பெடல் கல்லைப் போல இருக்கும். சலூனிலிருந்து வரும் பெரும்பாலோர் முதல் நாளில் தேவையான அழுத்தத்தில் பாதியைக்கூடக் கொடுக்காமல், “பிரேக் பிடிக்கவில்லை” என்று மெக்கானிக்கிடம் சொல்வார்கள். பிறகு துணிந்து மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதில் ஒரு வசதி உண்டு: திறந்த சக்கரக் கார் என்பதால் முன்டயர் இரண்டும் கண்ணெதிரே தெரிகின்றன. டயரின் மேற்பரப்பு ஓடிக்கொண்டே இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று படம் போல அசையாமல் நின்று, அதன் அடியிலிருந்து வெளுத்த புகை கிளம்பினால், பூட்டிக்கொண்டது அந்தச் சக்கரம்தான். உடனே அழுத்தத்தை ஓர் இழை தளர்த்தி மறுபடியும் கொடுக்க வேண்டும். விடாமல் மிதித்தால் டயரில் ஒரு தட்டையான வடு விழும். அதன் பிறகு நேர்கோட்டில் போகும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த செட் டயர் முடியும் வரை அது போகாது.

கியரைப் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கார்களில் இடக்கையால் கியர் மாற்றியே வளர்ந்தவர்கள் நாம். பல ஃபார்முலா கார்களில் கியர் லீவர் வலப்பக்கம், இடுப்பருகே, விரல் நுழையும் அளவு இடைவெளியில் இருக்கும். ஓட்டத் தொடங்கும் முன்பு, கார் ஸ்டாண்டில் நிற்கும்போதே அரை மணி நேரம் அதில் உட்காருங்கள். கையுறை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ், பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு கியரையும் தேடிப் போடுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே, தீயணைப்பானின் பிடி எங்கே, ஸ்டியரிங்கைக் கழற்றும் வளையம் எப்படி இழுபடுகிறது என்பதைக் கை தானாகவே அறிய வேண்டும். நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு இறக்குவதாக நினைத்து ஒன்றைப் போட்டால் இன்ஜின் ஆயுள் அந்தக் கணத்தோடு முடிந்துவிடும். அந்த 1300 சிசி மாருதி இன்ஜின் உழைப்பாளிதான் என்றாலும் அந்த அடியைத் தாங்காது.

இருக்கையைப் பற்றிப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. எனக்கோ அதுதான் முதல் வேலை. வேறொருவரின் உயரத்துக்கு வார்த்த இருக்கையில் நீங்கள் உட்கார்ந்தால், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் உடம்பை நிறுத்துவீர்கள். அப்படிப் பிடித்த கைக்கு முன்டயர் சொல்லும் சேதி எட்டாது. இரண்டு திரவங்களைக் கலந்து பெரிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, அதன் மேல் உங்களை உட்கார வைத்து, நுரை பொங்கி இறுகும் வரை அசையாமல் இருக்கச் செய்யும் முறை எல்லா அணிகளுக்கும் தெரியும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டும் நிலையில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் அகலமான ஷூ இரண்டு பெடல்களையும் சேர்த்து மிதித்துவிடும்; இதையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய தலைமுறையாக இருந்தால் வடசென்னைக்காரருக்கு இதையெல்லாம் பழக வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தது. ஜிஎன்டி சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 வாக்கில் எல்லாம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. இப்போது இந்தப் பக்கம் சட்டப்படி வேகமாக ஓட்ட ஒரு முழம் இடம் கிடையாது. எனவே பந்தயத்துக்கு முந்தைய வாரம் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ எண்ணூர் விரைவுச் சாலையிலோ இரவு பதினொரு மணிக்குக் “கை பழகப்” போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று போதும். தவிர, சாலைக் காரில் பழகுவது எதுவும் அந்தக் காருக்கு உதவாது.

இனி தடம். கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம். நீங்கள் பழகிய இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர். கரி ஸ்பீட்வே, 1995-இல் விமான விபத்தில் இறந்த பந்தய ஓட்டுநர் கரிவரதனின் பெயரால் 2003-இல் திறக்கப்பட்டது. சாதாரண மாருதி இன்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா கார் கட்டலாம் என்று நம் நாட்டில் செய்து காட்டியவர் அவர்; நீங்கள் ஓட்டப்போகும் காரும் அந்த வழியில் வந்ததுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். தடம் சிறியது, வளைவுகள் நெருக்கமானவை. புதியவருக்கு இது ஒரு வகையில் வசதி. சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 76 விநாடி; 15 நிமிடப் பயிற்சியில் ஏறக்குறைய 12 முறை ஒரே வளைவைச் சந்திப்பீர்கள். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில், 5.125 கிலோமீட்டர் தடத்தில், மணிக்கு 140 கிலோமீட்டர் சராசரி வைத்தாலும் அதே நேரத்தில் 7 சுற்றுகூட முழுமையாகக் கிடைக்காது. குறுகிய தடம் சீக்கிரம் மனப்பாடமாகும். ஆனால் மூச்சு விட நேரம் தராது. ஒரு வளைவில் செய்த பிழை அடுத்த வளைவின் நுழைவையும் கெடுக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை தடத்தை நடந்து பார்க்க அனுமதி கிடைத்தால், அணியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நண்பர்களோடு பேசிக்கொண்டு போகாதீர்கள். பார்க்க வேண்டியது அழகான கோடு அல்ல. தார் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது, தட ஓரத்து மேட்டு விளிம்பான கர்ப் மேல் எந்த இடத்தில் ஏறலாம், எந்த இடத்தில் அது காரின் அடிவயிற்றைத் தட்டும், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் எங்கே குவிந்திருக்கின்றன, கொடி காட்டும் மார்ஷல்கள் எந்த எந்த இடத்தில் நிற்பார்கள் என்பதையெல்லாம் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வளைவிலும் முழங்காலிட்டு, ஃபார்முலா காரில் உங்கள் கண் இருக்கப்போகும் உயரத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்த வெளிமுனை, அந்த உயரத்திலிருந்து கர்ப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். காணொளியும் சிமுலேட்டரும் வளைவுகளின் வரிசையை நன்றாகவே கற்றுத்தரும். ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், அகலமான கேமரா லென்ஸ் எல்லாச் சரிவையும் தட்டையாக்கிவிடும்.

பிரேக் மிதிக்க அடையாளம் தேடும்போது அசையாத பொருளைத் தேர்ந்தெடுங்கள்: தூரப் பலகை, தார் ஒட்டின் விளிம்பு, கர்ப் தொடங்கும் இடம். நிழல் இடம் மாறும்; ஓரத்தில் நிற்கும் ஜீப் அடுத்த சுற்றில் அங்கே இருக்காது. கோவைக்கு இன்னொன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவ மாதங்களில் பலமாக வீசும். நேர்கோட்டின் முடிவில் எதிர்காற்று இருந்தால் கார் சற்று முன்னதாகவே நிற்கும். காற்று முதுகில் இருந்தால் அதே அடையாளம் உங்களை ஏமாற்றும். பந்தயம் கிளம்பும் வரிசையான கிரிட்டுக்குப் போகும் முன்பு மார்ஷல் கையிலிருக்கும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொள்வது இலவசம்.

முதல் பயிற்சியில் நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அணியிடம் சொல்லி உங்களுக்குச் சுற்று நேரத்தைக் காட்டும் பலகையைக் காட்டாமல் இருக்கச் செய்யுங்கள். எல்லா வளைவிலும் முன்னதாகவே பிரேக் பிடித்து, பழகிய கியரைவிட ஒரு கியர் அதிகமாக வைத்து, உள்முனையைத் தாமதமாகத் தொடுங்கள். அறியாத வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகினாலும் தாமதமாகத் திரும்பியவருக்கு வெளிப்பக்கம் இடம் மிச்சமிருக்கும். அவசரப்பட்டு முன்னதாகவே திரும்பியவருக்கு அந்த இடத்தில் தார் முடிந்திருக்கும். அடுத்த பயிற்சியில் வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தை மட்டும் கூட்டுங்கள்: ஆக்சிலரேட்டரை எந்த இடத்தில் முழுவதும் மிதிக்க முடிகிறதோ அந்த இடத்தைச் சுற்றுக்குச் சுற்று உள்ளே கொண்டுவாருங்கள், மிதித்த பின் எடுக்க நேர்ந்தால் அது சீக்கிரம் என்று அர்த்தம். பிரேக் புள்ளியைத் தள்ளுவது கடைசி வேலை.

பிரேக்கை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால் கணக்குதான் காரணம். டயர் ஒரு ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்குப் பிடிக்கிறது என்று கொண்டால், மணிக்கு 120 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு வர சுமார் 43 மீட்டர் தேவை. முந்தைய வளைவிலிருந்து நன்றாக வெளியேறி, அதே இடத்துக்கு 130-இல் வந்தால் 52 மீட்டர் வேண்டும். அதாவது, வெளியேறும் வேகம் கூடிக்கொண்டே இருக்கும் வரை சரியான பிரேக் புள்ளி பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகரும் புள்ளியைத் துரத்தி முதல் பயிற்சியிலேயே தாமதமாகப் பிரேக் பிடிக்க முயல்பவர்களால்தான் சரளைக்கல் பகுதி நிரம்புகிறது. அவர்கள் அதில் சம்பாதிப்பது ஒன்றிரண்டு மீட்டர். வளைவிலிருந்து முன்னதாக ஆக்சிலரேட்டர் மிதித்தவர் நேர்கோடு முழுவதும் சம்பாதிக்கிறார்.

டயர் விஷயத்தில் உங்களுக்குத் தேர்வு இல்லை. ஒரே கம்பெனி டயரைத்தான் எல்லோருக்கும் தருவார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டயர் ஆலையின் ரப்பர் வாசனையை நுகர்ந்தே வளர்ந்த நமக்கு டயர் என்றால் ஏதோ எல்லாம் தெரிந்ததாக ஒரு நினைப்பு உண்டு. ஆனால் குளிர்ந்த டயர் யாருக்கும் சொந்தமில்லை. முதல் இரண்டு சுற்றுகளில் பின்டயர் சூடாகியிருக்காது, அப்போதுதான் ரியர் வீல் டிரைவுக்குப் புதியவர்கள் சுற்றுகிறார்கள். காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். 30 டிகிரியில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்காற்று 70 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 27 பிஎஸ்ஐ காட்டும். எனவே அணி சொல்லும் அழுத்தம் சூட்டில் எடுத்ததா, குளிரில் எடுத்ததா என்று கேளுங்கள். அணிகள் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குள் வந்து கார் நின்றவுடனேயே அளக்கச் சொல்லுங்கள். இதையும் பிரேக்கின் முன்பின் சமநிலையையும் தவிர, காரின் செட்டப்பில் வேறு எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். கார் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாத நிலையில் ஸ்பிரிங்கையும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரையும் மாற்றினால், மாறியது காரா ஓட்டுநரா என்று யாராலும் சொல்ல முடியாது.

தொழில்முறை ஓட்டுநர்களுக்கே இரண்டு புதுமையும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னைக்காரரையே எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் பஹ்ரைனில் கருண் சந்தோக் தன் முதல் ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போனபோது, ஹிஸ்பானியா அணியின் கார் அதற்கு முன் சோதனை ஓட்டமே கண்டதில்லை. பயிற்சிகளிலும் அவருக்குக் கார் தயாராகவில்லை. தகுதிச் சுற்றில்தான் முதல் முறையாக அதை ஓட்டினார். தடத்திலும் அந்த ஆண்டு புதிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே விபத்தில் வெளியேறினார். திறமைக் குறைவு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்கு மாறாக, 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தபோது, 19 வளைவுகளும் எல்லோருக்குமே புதியவை, சுவர்கள் பக்கத்திலேயே இருந்தன. இருந்தும் பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயம் எல்லாம் ஒரே வார இறுதிக்குள் முடிந்தன. தாங்கள் அறிந்த காரில் அறியாத தடத்தைக் கற்பது அவர்களின் அன்றாட வேலை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடம் தருகிறார்கள் என்ற மகிழ்ச்சியில் கேட்க மறந்துவிடுவோம்: மோதினால் பழுதுச் செலவு யாருடையது, எவ்வளவு வரை, இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று ஓவர் ரெவ் ஆனால் யார் பொறுப்பு, வேறொருவர் வந்து இடித்தால் என்ன, மழையால் பந்தயம் நின்றால் தொகை திரும்ப வருமா. நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ தந்த உரிமம் அந்த வகுப்புக்குச் செல்லுமா என்பதையும் அதே நாளில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பந்தயத்துக்கு முன் காரையும் ஓட்டுநரையும் சோதிக்கும் ஸ்க்ருட்டினி மேசையில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல அது.

பந்தயத் தொடக்கத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. நின்று கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதால், உங்கள் சலூனில் முன்சக்கரம் வீணாகச் சுழன்ற அளவுக்கு இந்தக் கார் சுழலாது. கிளட்ச்சைப் பாதியில் பிடித்துப் பொறுமையாக விட்டால் நன்றாகவே கிளம்பும். அந்த மகிழ்ச்சியில் முதல் வளைவில் இருவருக்கு நடுவே நுழையாதீர்கள். சலூனில் கதவோடு கதவு உரசினால் பெயின்ட் போகும். திறந்த சக்கரக் காரில் உங்கள் முன்சக்கரம் இன்னொருவரின் பின்சக்கரத்தைத் தொட்டால், சுழலும் டயர் உங்கள் காரை மேலே ஏற்றிவிடும். ஆகவே பக்கத்தில் இன்னொரு கார் இருக்கும்போது சக்கரம் சக்கரத்துக்குள் பின்னிக்கொள்ளாத இடைவெளியை எப்போதும் வைத்திருங்கள், அதற்காக ஓரிடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் சரி. 2.1 கிலோமீட்டர் தடத்தில் முன்னணியில் இருப்பவர்கள் சீக்கிரமே உங்கள் பின்னால் வந்துவிடுவார்கள். வேகமான கார் பின்னால் வருகிறது என்று நீலக் கொடி காட்டினால் பதறிக் கோட்டை விட்டு விலகாதீர்கள். உங்கள் வழக்கமான கோட்டிலேயே போய், அடுத்த நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அவரே கடந்துபோவார். வளைவுக்குள் எதிர்பாராமல் ஒதுங்குபவரைத்தான் அவர்களால் கணிக்க முடியாது. அந்தச் சிறிய கண்ணாடிகள் அதிர்வில் மங்கலாகத்தான் தெரியும். பின்னால் ஒரு நிறம் அசைவது தெரிந்தால் போதும், யாரென்று பார்க்கத் தேவையில்லை.